மேசையின் இடப்பக்கம்

என்னைக் கூப்பிட இப்போதும் ஆட்களுக்குக் குறைவில்லை. கனடாவில் இருக்கும் மகனுக்கு நான் அம்மா. பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்கு அன்ரி. மீன்காரர் படலையில் நின்று அக்கா என்று குரல் கொடுப்பார். ஆனால் ‘இஞ்சாரும்’ என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அவர் மாசி மாதத்தில் ஒரு காலை நெஞ்சு நோகுது என்று சொல்லிப் படுத்தார். மத்தியானத்துக்கு முன்னம் போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் எனக்கு ‘இஞ்சாரும்’, நான் அவருக்கு ‘இஞ்சாருங்கோ’. இங்கே பாரும் என்பதுதான் அது. ஓடிப்போய்ப் பார்த்தால் பார்க்க ஒன்றும் இராது. மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கும், அதைக் காணவில்லை என்பார். தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்பார். கலியாணமான புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வெட்கம். பிறகு எரிச்சல். அதற்கும் பிறகு அது காதில் விழுவதே இல்லை, கால் மட்டும் தானாக எழும்பிப் போகும். இப்போது அதை இன்னொரு தரம் கேட்டுவிட வேண்டும் என்று கிடந்து துடிக்கிறேன். அதற்காகத்தான் ஒரு மௌஸ் வாங்கப் போனேன்.

அவர் இணைந்த கணிதம் படிப்பித்தவர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றார், வாய் ஓயவில்லை. நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் பின்னேரங்களில் கத்திக்கொண்டிருந்தார். கொரோனா வந்து எல்லாம் பூட்டுப்பட்டபோது மகன் ஒரு லப்டொப் எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து எங்கள் கோப்பாய் வீட்டின் ஹோல் அவருடைய வகுப்பாகிவிட்டது. யன்னலோரம் மேசை. மேலே நல்ல சேட்டு, மேசைக்குக் கீழே சாரம். நான் அந்தப் பக்கம் போவதென்றால் கமெராவில் விழாமல் குனிந்துகொண்டு போக வேண்டும். என் வீட்டில் நானே கள்ளி மாதிரித் திரிந்தேன். நாடு திறந்த பிறகும் அவர் கொட்டிலுக்குத் திரும்பிப் போகவில்லை. சாரத்தோடு படிப்பிக்கிற சுகம் ஒருக்கால் பிடித்துவிட்டால் விடுமா?

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குப் படைத்து முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தபோது, அவரிடம் படித்த பெண்பிள்ளை ஒருத்தி வந்து என் பக்கத்தில் குந்தினாள். வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப்போன ஆறுதல் எதையும் அவள் சொல்லவில்லை.

“அன்ரி, உங்கடை குரல் எங்கள் எல்லாருக்கும் பழக்கம்,” என்றாள். “சேர் மைக்கை நிப்பாட்ட மறந்துபோய் இஞ்சாரும் எண்டு கூப்பிடுவார். நாங்கள் வீடுவீடா இருந்து சிரிப்பம். பிறகு வீடியோ அனுப்பேக்கை அந்த இடங்களை வெட்டிப்போட்டுத்தான் அனுப்புவார். ஒருக்கா மட்டும் வெட்ட மறந்திட்டார்.”

“எந்த வகுப்பு, பிள்ளை?” என்று கேட்டேன்.

“எறியம் படிப்பிக்கேக்கை. எத்தினையாம் பகுதி எண்டு ஞாபகம் இல்லை அன்ரி. அனுப்பின லிங்க்கும் இப்ப வேலை செய்யாது. ஆனால் சேரின்ரை லப்டொப்பிலை கட்டாயம் இருக்கும்.”

எறியம் என்றால், எறிந்த பொருள் எவ்வளவு உயரம் போய் எங்கே விழும் என்று கணக்குப் பார்ப்பது. மற்ற வாத்திமார் ஓட்டமாக முடிக்கிற பாடத்தை அவர் ஆற அமரப் பல பகுதிகளாகப் பிரித்துப் படிப்பித்திருந்தார். அவற்றில் எங்கேயோ ஒரு இடத்தில் அவர் என்னைக் கூப்பிடுகிறார். அது எனக்குப் போதும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், வீடு அமரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பற்றியும் நான் நினைக்கவில்லை.

ஆனால் லப்டொப்பைத் திறந்தால் அதை ஓட்ட மௌஸ் இல்லை. அவருடைய மௌஸ் வயர் இல்லாதது. லப்டொப்பின் பக்கத்துத் துளையில் சின்னவிரல் நகம் அளவில் ஒரு துண்டு செருகியிருக்கும், அதுதான் மௌஸ் சொல்வதை லப்டொப்புக்குச் சொல்லும். சாவீட்டன்று ஹோலை ஒழிக்கும்போது யார் யாரோ மேசையைத் தூக்கினார்கள், யாரோ லப்டொப்பை அறைக்குள் கொண்டுபோனார்கள். அந்தத் துண்டு கழன்று நிலத்தில் விழுந்திருக்க வேண்டும். அவரைச் சுடலைக்குக் கொண்டுபோன பிறகு, ஊர்ப் பெண்கள் வழமைப்படி வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து வீடு முழுவதும் கழுவினார்கள். மூலை முடுக்கு ஒன்றும் விடவில்லை. தண்ணீர் பின்வாசலால் வாழையடிக்குப் போனது. அந்தியேட்டி முடிந்த மறுநாள் நான் வாழையடியில் குந்தியிருந்து ஈர மண்ணைக் கிண்டித் தேடினேன். வாழைச் சருகும், பூமாலை நாரும், யாருடையதோ சட்டைத் தெறி ஒன்றும் கிடைத்தன.

“வேறை ஒரு துண்டு வாங்கிச் செருகினா இந்த மௌஸ் வேலை செய்யாதோ?” என்று மகனிடம் கேட்டேன்.

“இல்லையம்மா. அந்த மௌசுக்கு அந்தத் துண்டுதான். அது துலைஞ்சா இது சும்மா.”

மௌஸை எறியாமல் அலுமாரிக்குள் வைத்தேன்.

லப்டொப்பிலேயே விரலால் தேய்க்கிற சதுரம் ஒன்று இருக்கிறது. மண்ணிலும் வெங்காயத்திலும் கிடந்து காய்ந்த என் விரலை அதற்கு ஒரு ஆளாகவே தெரியவில்லை. தேய்த்தால் அம்பு நகராது, நகர்ந்தால் நிற்காது. மகன் வீடியோ கோலில் வந்து, போனைத் திரைக்கு நேரே பிடிக்கச் சொல்லி, படிப்படியாகச் சொல்லித் தந்தான். அப்பாவின் வகுப்புகளைச் சும்மா பார்க்கப் போகிறேன் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டதைக் கேட்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்லுவாள்?

“அம்பை அதுக்கு மேலை கொண்டுபோய், சதுரத்துக்குக் கீழை இடப்பக்கத்தை ரெண்டு தரம் அமத்துங்கோ அம்மா.”

“அமத்தினா ஒரு பட்டியல் வருது.”

“நீங்கள் வலப்பக்கத்தை அமத்துறியள்.”

“இடப்பக்கத்தைத்தான் அமத்துறன்.”

“இல்லையம்மா, வலப்பக்கத்தை அமத்தினாத்தான் உந்தப் பட்டியல் வரும்.”

“எனக்கு இடம் வலம் தெரியாதோடா? உனக்குச் சோறு தின்னப் பழக்கினது நான்.”

இப்படியே இரண்டு பேரும் நாய் பூனை மாதிரிச் சண்டை பிடித்தோம். அந்தச் சண்டைக்கு நடுவில் பட்டியல் திரும்பத் திரும்பத் திறந்தது, நான் திரும்பத் திரும்ப அமத்தினேன், கண்ணுக்கு முன்னால் ‘எறியம் - முதலாம் பகுதி’ மறைந்துபோனது. அது குப்பைக்குப் போயிருக்கிறது, பயப்படாதேங்கோ என்றான். குப்பையிலிருந்து அதை மீட்டு எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அவரை ஒருக்கால் வழியனுப்பியாயிற்று. என் கையாலேயே இன்னொருக்கால் அனுப்ப நான் தயாரில்லை.

“நான் ஆவணியிலை வந்து எல்லாத்தையும் பிரதி எடுத்து வைக்கிறன்,” என்றான் மகன். “அதுவரைக்கும் உந்தச் சதுரத்திலை கை வைக்காதேங்கோ. ஒரு வயர்லெஸ் மௌஸ் வாங்குங்கோ.”

ஆவணி வரைக்கும் பொறுக்க என்னால் ஏலாது. அடுத்த நாளே லப்டொப்பைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து, மாதிரிக்கு அவருடைய பழைய மௌஸையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் குழந்தையோ என்று எட்டிப் பார்த்தாள்.

யாழ்ப்பாணம் ரவுணில் கொம்பியூட்டர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையத்துக்குக் கிட்ட, கூட்டம் குறைந்த ஒன்றுக்குள் போனேன். முதலாளிக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மௌஸ் என்றதும் கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு பத்துப் பெட்டியை எடுத்து அடுக்கினார். சின்னது, பெரியது, பற்றறி போடுவது, சார்ஜ் ஏற்றுவது, சிவப்பு, நீலம், ரோசாப் பூப் போட்டது. சீலை எடுக்கப் போனால்கூட இவ்வளவு தெரிவு இருக்காது.

“இது சத்தம் இல்லாதது அம்மா. அமத்தினாலும் கேக்காது. இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கினம்.”

“வீட்டிலை நான் சத்தம் இல்லாமல்தான் இருக்கிறன் தம்பி. சத்தம் வாறதைக் காட்டுங்கோ.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியை ஒதுக்கி வைத்தார். வகுப்பு நேரத்தில் குசினிவரைக்கும் கேட்கிற அந்த ‘டிக் டிக்’கை வைத்துத்தான் நான் பாடம் எங்கே நிற்கிறது என்று கணிப்பேன். டிக் டிக் நின்றால் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்கலாம் என்று கணக்கு. மேசைக்கு வருகிற மௌஸ் ஊமையாக இருக்க முடியாது.

கடைசியில் ஒரு கறுப்பு மௌஸைக் கையில் தந்தார். பக்கத்தில் பெருவிரல் இருக்க ஒரு குழி, உள்ளங்கைக்கு ஒரு மேடு. பிடித்தால் கையைத் தாங்கிக்கொண்டது. வயது போனவர்களின் கைக்கு நல்லது என்றார். எனக்கும் பிடித்துவிட்டது. இதன் துண்டை என் லப்டொப்பில் செருகிப் பார்ப்போம் என்றேன். அம்பு சொன்னபடி போனது. ‘எறியம் - முதலாம் பகுதி’யின் மேலே கொண்டுபோய் இடப்பக்கத்தை அமத்தினேன்.

அந்தப் பட்டியல் திறந்தது.

“தம்பி, இது பழுது.”

இன்னொன்றைத் தந்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படித்தான். “உங்கடை கடையிலை எல்லாம் பழுதோ?” என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கியது. மூன்றையும் வாங்கித் தன்னுடைய கொம்பியூட்டரில் செருகிக் காட்டினார். மூன்றும் மணியாக வேலை செய்தன. என் லப்டொப்பில் போட்டால் பட்டியல்.

“மௌஸ் எல்லாம் நல்லம் அம்மா. உங்கடை லப்டொப்தான் பழுது.”

“உள்ளுக்கை இருக்கிறது போயிடுமோ?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “எங்கடை அவர் அதுக்குள்ளை இருக்கிறார் தம்பி. வகுப்புகள். அவர் இப்ப இல்லை.”

கடைக்காரர் லப்டொப்பைக் கவனமாக என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, நான் மாதிரிக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த பழைய மௌஸைச் சும்மா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“ஐயா இடக்கையோ அம்மா?”

“இல்லை. வலக்கை.”

“நல்லா ஞாபகமோ?”

“என்ன தம்பி கதைக்கிறியள்? அவரின்ரை கை எனக்குத் தெரியாதோ? எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் வலக்கையாலைதான்.”

அவர் மௌஸை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பொத்தான்களில் இடப்பக்கத்துப் பொத்தான் வாங்கின நாள் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தது. வலப்பக்கத்துப் பொத்தான் தேய்ந்து, மினுங்கி, நடுவில் விரல்நுனி அளவுக்குக் குழிந்துபோயிருந்தது. இடக்கையால் பிடிக்கிறவர்களுக்குச் சுட்டுவிரல் அந்தப் பக்கம்தான் வரும், அதனால் லப்டொப்பில் பொத்தானை மாற்றி வைத்துக்கொள்வார்கள், எந்த மௌஸைப் போட்டாலும் அது மாறித்தான் வேலை செய்யும் என்று சொல்லிக்கொண்டே லப்டொப்பில் எதையோ திறந்தார், ஏதோ ஒன்றை அமத்தினார். “இப்ப பாருங்கோ. சரியாக்கிப் போட்டன்,” என்றார்.

நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்குள் எங்கள் வீட்டு மேசைதான் நின்றது.

ஒவ்வொரு காலையும் அந்த மேசையை நான்தான் துடைப்பேன். துடைக்கும்போது மௌஸ் லப்டொப்பின் இடப்பக்கம் கிடக்கும். தேத்தண்ணிக் கோப்பையை வலப்பக்கம் வைப்பதால் இடைஞ்சல் என்று தள்ளி வைத்திருக்கிறார் என்று நினைப்பேன். துடைத்து முடிய, இருக்க வேண்டிய இடம் இதுதானே என்று எடுத்து வலப்பக்கம் வைத்துவிட்டுப் போவேன். அடுத்த நாள் காலை அது திரும்ப இடப்பக்கம் கிடக்கும். நான் திரும்ப வலப்பக்கம் வைப்பேன். இந்த ஒழுங்கில்லாத மனிசனுக்கு ஒரு பொருளை ஒரு இடத்தில் வைக்கத் தெரியாது என்று வாய்க்குள் பேசிக்கொள்வேன். இத்தனை வருஷமாக நாங்கள் இருவரும் அந்த மேசையில் அதை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

“தம்பி,” என்றேன், “முந்தி இருந்தமாதிரியே விடுங்கோ.”

“அப்ப உங்களுக்குத்தான் கஷ்டம் அம்மா.”

“பறவாயில்லை. அவர் வைச்சபடி இருக்கட்டும்.”

திரும்பவும் மாற்றிவிட்டார். நான் தெரிந்தெடுத்த அந்தக் குழி வைத்த மௌஸை இடக்கையில் பிடித்துப் பார்த்தேன். குழி சின்னவிரல் பக்கம் போய்விட்டது, மேடு உள்ளங்கையில் குத்தியது. இடக்கைக்கென்று செய்தது இருக்கிறதா என்று கேட்டேன். “ஆரும் கேக்கிறேல்லை அம்மா, அதாலை நாங்கள் எடுக்கிறேல்லை,” என்றார். அலுமாரியின் அடித்தட்டில் தேடி, எந்தக் கைக்கும் பொதுவாக, முட்டை மாதிரி இருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். சத்தமும் வந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மானிப்பாயில் இருக்கிற மச்சாளுக்கு, அவருடைய அக்காவுக்கு, போன் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“ஓம். ஏன், உமக்குத் தெரியாதோ?” என்றா மச்சாள். “சின்னனிலை எல்லாத்துக்கும் இடக்கைதான். சோறு தின்னேக்கை அம்மா தன்ரை சீலைத் தலைப்பாலை அந்தக் கையைக் கதிரையோடை கட்டி விடுவா. பள்ளிக்கூடத்திலை அடிமட்டத்தாலை அடி. அழுது அழுது எழுதப் பழகினவன். பிறகு திருந்தீட்டான்.”

“கலியாணம் பேசேக்கை ஒருத்தரும் சொல்லேல்லையே மச்சாள்?”

“நல்ல கதை. பேச்சுக்காலிலை உதுகளும் சொல்லுறதோ? உங்கடை அப்பர் எப்பிடிப்பட்ட மனிசன். வெத்திலைத் தட்டத்தை மறந்துபோய் இடக்கையாலை வாங்கிப்போடாதை எண்டு அம்மா வழி முழுக்கச் சொல்லித்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவ. பிறகு நீர் கண்டுபிடிச்சிருப்பீர் எண்டுதான் நாங்கள் நினைச்சனாங்கள்.”

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பொம்பிளை பார்க்க வந்த அன்று அவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தது ஞாபகம் வந்தது. அடக்கமான பிள்ளை என்று என் அம்மா மெச்சிக்கொண்டா. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போன நாளில்கூட அப்படி அழவில்லை. அன்று வந்தவர்களுக்காகவும் அழ வேண்டியிருந்தது. இது எனக்காக மட்டும் அழுதது.

கோபமும் வந்தது. வந்தது என்ன, இப்போதும் இருக்கிறது. என்னோடு ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் கிழவனாகும்வரை இருந்த மனிதர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன அப்பரிடம் ஓடிப்போய்க் கோள் மூட்டியிருப்பேனா? அப்பர் போய்ச் சேர்ந்தே எவ்வளவு காலம். இடக்கையால் சோறு தின்னக் கூடாது, காசு கொடுக்கக் கூடாது, சாமிக்குப் பூப் போடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருக்கிறோம். மௌஸுக்கு மட்டும் ஒருவரும் சட்டம் வைக்கவில்லை. அது வந்து சேர்ந்தபோது சட்டம் வைக்கிற ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். கமெராவில் முகம்தான் தெரியும், கை தெரியாது. அறுபது வயதுக்குப் பிறகு அந்தக் கை யன்னலோரத்தில், லப்டொப்புக்கு அந்தப் பக்கத்தில், ஒரு சாண் அகலத்தில் தன் இஷ்டத்துக்கு இருந்திருக்கிறது. அதையும் ஒவ்வொரு காலையும் துணியோடு ஒருத்தி வந்து துடைத்து மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.

இடக்கையால் மௌஸ் பிடிக்கப் பழகினேன். அம்பைக் கிழக்கே போ என்றால் மேற்கே போகும். தட்டில் சோற்றை இடக்கையால் பிசையச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவருக்குச் சின்ன வயதில் வலக்கை இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு அடிமட்டத்தால் அடிக்க ஒருவரும் இல்லை. மெதுவாகப் பழகிக்கொண்டேன். பயத்தில் வலக்கையைச் சீலை மடிப்புக்குள் வைத்துக்கொள்வேன், பழக்க தோஷத்தில் அது பாய்ந்து வந்து எதையாவது அழித்துவிடக் கூடாது.

பிறகு, பகல் வேலை முடிந்த நேரங்களில் அவருடைய வகுப்பில் நானும் ஒரு பிள்ளையாக இருந்தேன். இடையில் தாண்டிப்போக எனக்குத் துணிவில்லை. தாண்டுகிற இடத்தில் அவர் கூப்பிட்டிருந்தால்? ஒவ்வொரு பகுதியையும் முதலிலிருந்து முடிவுவரைக்கும் கேட்டேன். “ஒரு துணிக்கை எறியப்படுகுது. காத்தின்ரை தடையை இப்போதைக்கு விட்டுவிடுவம்,” என்று தொடங்குவார். எனக்குக் கணக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. இருமினார், தண்ணி குடித்தார், யாரோ ஒரு பிள்ளையிடம் நித்திரையோ என்று கேட்டார். சில இடங்களில் பேச்சு திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளி வேறு வசனத்துக்குப் போகும். அவர் என்னை வெட்டிய இடங்கள் அவை. அந்த இடங்களில் ஒவ்வொரு தரமும் நிற்பாட்டி, திரும்பப் போட்டுக் கேட்டேன்.

கடைசிக்கு முதல் பகுதியில் அது இருந்தது.

படம் ஒன்றைக் கீறி, கோணத்தைக் குறித்து, அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டிய இடம். பேச்சு நின்றது. அவருடைய முகம் இடப்பக்கம் குனிந்து எதையோ தேடியது. பிறகு வலப்பக்கம் பார்த்தது. பிறகு தலையைக் குசினிப் பக்கம் திருப்பினார்.

“இஞ்சாரும்.”

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். நான் எழும்பவில்லை, கால் எழும்பியது.

“இஞ்சாரும், உந்த மௌசை ஆர் எடுத்து அங்காலை வைச்சது?”

எங்கோ தூரத்திலிருந்து, அடுப்புச் சத்தத்துக்குள்ளால் என் குரல் வந்தது. “ஆர் வைக்கிறது? மேசை துடைக்கேக்கை நான்தான். எட்டி எடுங்கோவன், உங்களுக்குக் கை இல்லையோ?”

அவர் கமெராவைப் பார்க்கவில்லை, குசினியையும் பார்க்கவில்லை, கீழே தன் மடியைப் பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

“கை இருக்கப்பா,” என்றார், எனக்குக் கேட்காத குரலில்.

பிறகு டிக் என்று சத்தம் கேட்டது. துணிக்கை மேலே போகத் தொடங்கியது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். நானும் துடைப்பத்தையோ அகப்பையையோ வைத்திருந்த கையோடு வந்து என்ன கை, எந்தக் கை என்று கேட்டிருக்கலாம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாடம் இருந்தது, அடுப்பில் ஏதோ இருந்தது. விட்டுவிட்டோம். அந்தப் பதிலைக் கேட்க நான் குசினியிலிருந்து ஹோலுக்கு வந்திருந்தால் போதும்.

ஒரு கிழமை முழுவதும் அந்த இடத்தையே போட்டுப் போட்டுக் கேட்டேன். மகன் கோல் எடுத்து, “மௌஸ் எப்பிடியம்மா?” என்று கேட்டான். நல்ல மௌஸ் என்றேன். ஆவணியில் வரும்போது சொல்லுவேன், அப்பாவின் கையைப் பற்றி. கூப்பிட்டதைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கேட்கக் கேட்க ஒன்று விளங்கியது. அது நான் தேடிய கூப்பிடுகை இல்லை. அவர் இஞ்சாரும் என்கிறார், நான் வாய் திறப்பதற்கு முன் குசினியிலிருந்து மற்றவள் பதில் சொல்லிவிடுகிறாள். அவசரக்காரி, கோபக்காரி, புருஷன் உயிரோடு இருக்கிற துணிச்சலில் கதைக்கிறவள். அவளைத்தான் அவர் கூப்பிடுகிறார். மேசையடியில் இடக்கையில் மௌஸைப் பிடித்துக்கொண்டு இருக்கிற என்னை அவர் கூப்பிடவில்லை. நான் பதில் சொல்ல அதில் இடைவெளியே இல்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

நேற்றுக் காலை வழமைபோல மேசையைத் துடைத்தேன். மௌஸ் இடப்பக்கம் கிடந்தது, நான் வைத்த இடத்தில். துடைத்து முடிந்ததும் அதை எடுத்து, தெரிந்துகொண்டே, வலப்பக்கம் வைத்தேன். குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் ஏற்றினேன். யன்னலால் வெயில் வந்து மேசையில் விழுகிற நேரம், அவர் வகுப்புக்குச் சேட்டு மாட்டிக்கொண்டு வந்து இருக்கிற நேரம். தண்ணீர் கொதித்தது. அடுப்பை நிற்பாட்டிவிட்டு, சத்தம் போடாமல், குசினி வாசலில் நின்றேன்.

நின்றுகொண்டே இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

பிறகு நானே போய் மௌஸை எடுத்து இடப்பக்கம் வைத்தேன்.